நோட்டில் எழுதாத ஈரம்

அன்று காலை அளவெடுக்கும் அறைக்குள் இருந்தவர்கள்: எங்கள் லேபின் தலைவர் ஹெலன் மேடம், ஆராய்ச்சி மாணவி வித்யா, வடக்கேயிருந்து வந்திருந்த பேராசிரியர் ரங்கநாதன் சார், தமிழ் தெரியாத அவருடைய மாணவர் ஒருவர், அப்புறம் டெக்னீஷியன் தேவராஜ் ஆகிய நான். ஐந்து பேர். நோட்டுப் பக்கத்தின் முதல் வரியில் மேடம் அப்படித்தான் எழுதினார். கதவோரத்தில் ஆறாவதாக ஒருவர் வாளியும் மாப்புமாக நின்றிருந்தார். துப்புரவு வேலை பார்க்கும் சரோஜா. அவர் பெயரை மேடமும் எழுதவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன். ஆறு பேர்.

அறைக்குள் யார் யார் என்று எழுதிய பிறகுதான் சிப்பை அளக்கும் ஊசியைத் தொட வேண்டும் என்பது மேடம் போட்ட சட்டம். "ஆள் வந்தா சூடு வரும், மூச்சு வரும், தூசி வரும். நாளைக்கு ரிசல்ட் மாறினா யாரைப் போய்க் கேக்கறது?" என்பார். அந்தச் சட்டத்தை ஒரு நாளும் நான் மீறியதில்லை. ஆனாலும் மூன்று வருடம் ஒரு விஷயத்தை எழுதாமல் விட்டிருக்கிறேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

நான் ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகிறது. லேபுக்கு இப்போது தானாகவே ஊசி இறக்கி அளவெடுக்கும் புது மெஷின் வருகிறதாம். அதற்கு முன்னால் கையால் எப்படி வேலை பார்த்தோம் என்று துறை மலருக்கு எழுதிக் கொடுங்கள் என்று லேப் பிள்ளைகள் கேட்டார்கள். ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவனிடம் கட்டுரை கேட்கிறார்களே என்று இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. அப்புறம் யோசித்தேன். முப்பது நோட்டு எழுதியிருக்கிறேன். இது முப்பத்தொன்று. அவ்வளவுதானே.

அப்பா படுக்கையில் விழுந்ததால் படிப்பு நின்றது. ஏற்றுமதி வளாகத்தில் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, சிப்புக்கும் அதன் உலோகக் காலுக்கும் நடுவே முடியை விட மெல்லிய தங்கக் கம்பியை ஒட்டுகிற வேலை. பதினோரு வருடம் பார்த்தேன். கை பழகியது அங்கேதான். பயம் பழகியதும் அங்கேதான்.

ஏசி ஓடி ஓடிக் காற்று காய்ந்துவிட்டால் நம் உடம்பில் மின்சாரம் சேரும். கதவின் கைப்பிடியைத் தொட்டதும் சுரீர் என்று அடிக்குமே, அதுதான் ஸ்டாடிக். நமக்கு அது ஒரு சுரீர். சிப்புக்கு அது மரணம். ஒரு நாள், அந்த மின்சாரத்தை மண்ணுக்கு இறக்கிவிடும் கைப்பட்டையைத் தரைக் கம்பியோடு மாட்ட மறந்துவிட்டு வேலையில் உட்கார்ந்தேன். ஒரு தட்டு நிறைய இருந்த சிப் எல்லாம் போனது. ஷிப்ட் இன்சார்ஜ் என்னைத் திட்டவே இல்லை. செத்த அந்தத் தட்டை ஒரு வாரம் என் மெஷினுக்கு முன்னாலேயே வைத்திருந்தார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன். அன்றிலிருந்து எதையும் மூன்று தடவை பார்ப்பவன் ஆனேன். பட்டையை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். வீட்டுப் பூட்டையும் அப்படித்தான். மாடம்பாக்கத்தில் பஸ் ஏறிய பிறகு, கேஸை மூடினேனா என்று இறங்கித் திரும்பிப் போன நாட்கள் உண்டு. என் மனைவி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

அந்தக் கம்பெனி மூடியதும் தாம்பரத்தைத் தாண்டி இருக்கும் இந்தக் கல்லூரிக்கு வந்தேன். ஹெலன் மேடம் என் சான்றிதழைக் கேட்கவில்லை. மைக்ராஸ்கோப்பின் அடியில் ஒரு சிப்பை வைத்து, "இந்தப் புள்ளியில ஊசி வைங்க" என்றார். வைத்தேன். "அது மேலதான் வெச்சீங்கன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். ஊசி தொட்டதும் நுனி ஒரு நூல் முன்னால் வழுக்கும் என்று சொன்னேன். அந்த வழுக்கலைக் காட்டச் சொன்னார். காட்டினேன். மறுநாளே வேலைக்கு வரச் சொன்னார்.

மேடத்தின் குணத்தைச் சொல்ல அந்த ஒரு கேள்வி போதும். எப்படித் தெரியும்? குரலை உயர்த்த மாட்டார். தப்பு பண்ணினாலும் அதே கேள்வி, சரியாகப் பண்ணினாலும் அதே கேள்வி. சாயங்காலம் நோட்டைக் கையில் எடுத்து ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படிப்பார். "நல்லா வந்தது" என்று நான் எழுதியிருந்தால் அதை அடித்துவிட்டு, "எத்தனை?" என்று ஓரத்தில் எழுதுவார். கையெழுத்துப் போட்டுத் தந்த பிறகுதான் எனக்குப் பஸ்.

நாங்கள் செய்த டிவைஸுக்கு மெமரிஸ்டர் என்று பெயர். கேட்டால் பெரிய விஷயம்போல இருக்கும். எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். சாதாரண கம்ப்யூட்டரில் நினைவு ஒரு இடத்தில், கணக்கு ஒரு இடத்தில். இங்கிருந்து அங்கே தூக்கிக்கொண்டு ஓடுவதிலேயே பாதிக் கரண்ட் போய்விடும். மூளையில் அப்படி இல்லை. சேதி கடந்து போகிற இடமும் நினைவு தங்குகிற இடமும் ஒன்றே. அதனால்தான் ஒரு சின்ன பல்புக்கு ஆகிற கரண்டில் மனிதன் நடக்கிறான், பேசுகிறான், கவலையும் படுகிறான். அந்த மாதிரி ஒன்றைச் செய்யப் பார்த்தோம். கீழே பிளாட்டினம், மேலே வெள்ளி, நடுவில் கண்ணுக்கே தெரியாத ஒரு ஆக்ஸைடு படலம். சின்னச் சின்னத் துடிப்பாகக் கரண்ட் கொடுத்தால் வெள்ளி அந்தப் படலத்துக்குள் மெல்ல இறங்கி ஒரு வழி போடும். கரண்டை நிறுத்தினாலும் அந்த வழி அப்படியே இருக்கும்.

ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்குப் போகிறவர்கள் காலி மனைக்குக் குறுக்கே நடப்பார்கள் இல்லையா, நடக்க நடக்கப் புல் போய் ஒரு தடம் விழுமே, அதுதான். நடந்தவர் போன பிறகும் தடம் இருக்கும். வித்யாவிடம் இதைச் சொன்னபோது, "அண்ணா, மூணு பக்கத்துல நான் எழுதினதை நாலு வரியில முடிச்சிட்டீங்க" என்றாள். வித்யா கோவிலம்பாக்கத்துப் பெண். வேகமாகப் பேசுவாள். அழுகையும் வேகமாக வரும்.

விரல் நகம் அளவுச் சிப்பில் நூறு டிவைஸ். அதில் எத்தனை ஒழுங்காகக் கற்றுக்கொள்கிறது என்று பார்ப்பது என் வேலை. நான் அளந்தால் நூற்றுக்குத் தொண்ணூறு தேறும். மத்தியானத்துக்கு மேல் வித்யா அளந்தால் நாற்பதைத் தாண்டாது. அதே சிப், அதே ஊசி.

"அண்ணனுக்குக் கைராசி" என்று லேபில் பேச்சு ஆகிவிட்டது. "ஒரு நாளைக்கு அந்தக் கையைக் கடன் குடுங்கண்ணா, டிகிரி வாங்கிட்டுத் திருப்பித் தரேன்" என்பாள் வித்யா. மேடத்துக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. "கைராசின்னு பேப்பர்ல எழுத முடியாது" என்று இரண்டு தடவை சொன்னார். ஊசியை அழுத்தும் கனத்தில் வித்தியாசம் இருக்கும் என்று நினைத்து, என்னை வித்யாவுக்குச் சொல்லிக் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன். காலையில் என்னோடு உட்கார்ந்தால் அவளுக்கும் வந்தது. மத்தியானம் தனியாக உட்கார்ந்தால் வரவில்லை. உள்ளுக்குள் எனக்குப் பெருமைதான். மறைக்காமல் சொல்கிறேன். படிக்காத கைக்கு டாக்டர் பட்டம் கிடைத்த மாதிரி இருந்தது.

சரோஜாவைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். பள்ளிக்கரணையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். காலை எட்டு மணிக்கு வராந்தாவைத் துடைத்துக்கொண்டிருப்பார். எட்டரைக்கு நான் போய் மாப்பைக் கேட்பேன். அறையின் கதவைச் சாத்திக்கொண்டு மெஷினைச் சுற்றி ஈரமாக ஒரு துடைப்பு. பழைய கம்பெனியில் பழகியது. தரை ஈரமாக இருந்தால் ஸ்டாடிக் அண்டாது என்று ஷிப்ட் தொடங்கும் முன் தினமும் செய்வோம். அதைச் செய்யாவிட்டால் எனக்கு ஊசியில் கை வராது.

"ஏண்ணா, நீ இன்னா மிஷினு பாக்க வந்தவனா, தரை தொடைக்க வந்தவனா?" என்பார் சரோஜா. "நான் தொடைச்சா உனக்குப் பத்தாதா?"

"உங்க தொடைப்பு தரைக்கு. என் தொடைப்பு மனசுக்கு" என்பேன்.

"மன்சுக்குத் தொடைக்கிறதுக்கு உன் வூட்லேர்ந்து துணி எட்த்துனு வா. கான்ட்ராக்டரு மூணு மாசத்துக்கு ஒரு மாப்புதான் குடுப்பாரு. நீ ஒரு மாசத்துலயே நாரா ஆக்கிடுற."

சிரித்துவிட்டுப் போய்விடுவேன். அந்தச் சொல்லில் விளையாட்டு மட்டும் இல்லை என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

எங்கள் முடிவுகளைப் பேப்பராக எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பியாகிவிட்டது. அதை வைத்து வித்யாவின் ஆய்வேடும் கிட்டத்தட்ட முடிந்தது. கூட்டு ஆராய்ச்சி செய்யும் வடக்கத்தி லேபுக்கு முப்பது டிவைஸ் அனுப்பினோம். ரங்கநாதன் சாரின் லேப் அது. அங்கே முப்பதில் இரண்டுதான் வேலை செய்தது. கூரியரில் கெட்டுப் போயிருக்கும் என்று இன்னொரு முப்பது அனுப்பினோம். ஒன்று வேலை செய்தது.

அதற்குப் பிறகு வந்த கடிதத்தை மேடம் எனக்கும் படித்துக் காட்டினார். மரியாதையான கடிதம்தான். நேரில் வந்து, தன் கண் முன்னால் அளப்பதைப் பார்க்க விரும்புவதாக எழுதியிருந்தார். அதன் அர்த்தம் எல்லோருக்கும் தெரியும். நன்றாக வந்ததை மட்டும் எழுதி, வராததை விட்டிருக்கிறீர்களா என்று கேட்கிறார். நோட்டில் முக்கால்வாசி என் கையெழுத்து. பொய் என்று முடிவானால் யார் மேல் வரும்? இரண்டு டாக்டர்களுக்கு நடுவில் ஒன்பதாம் வகுப்பு நான். ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. ஓய்வைப் பற்றிக்கூட நான் கவலைப்படவில்லை. தேவராஜ் நோட்டில் பொய் எழுதினான் என்று ஒரு பேச்சு மிச்சம் இருந்துவிடுமே, அதுதான் என்னை அரித்தது. மூன்று நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு வரி வரியாகப் பார்த்தேன். தேதி, நேரம், ஆட்கள், ஏசி எத்தனை டிகிரி, ஊசி எண், வோல்டேஜ், தேறியது, தேறாதது. எதுவும் விடவில்லை என்று சத்தியம் பண்ணியிருப்பேன்.

அந்த நாள் வந்தது. ஒன்பதரைக்கு வருவார் என்று சொன்ன ரங்கநாதன் சார் எட்டேகாலுக்கே வந்து, அளவெடுக்கும் அறைக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்தே ஏசியை ஓடவிட்டிருந்தோம். நான் புதுச் சட்டை போட்டிருந்தேன். கதவருகே சரோஜா மாப்பை நனைத்துப் பிழிந்து தயாராக நீட்டினார். அவ்வளவு பெரிய மனிதரின் காலடியில் குனிந்து தரை துடைப்பதா என்று கூச்சமாகிவிட்டது. வேண்டாம் என்று தலையாட்டினேன். மேடம் ஐந்து பேரின் பெயரை எழுதினார். நான் பட்டையை மூன்று தடவை இழுத்துப் பார்த்துவிட்டு உட்கார்ந்தேன்.

எந்த டிவைஸ் என்று ரங்கநாதன் சார்தான் சொன்னார். "மூணாவது வரிசை, ஏழாவது." ஊசியை இறக்கினேன். நுனி ஒரு நூல் வழுக்கியது. தொடுகை சரி. வித்யா துடிப்பு கொடுத்தாள். திரையில் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது.

"அடுத்தது பாக்கலாம். ஆறாவது வரிசை, ரெண்டு."

அதுவும் கிடந்தது. அதற்கடுத்ததும். எட்டாவதாகப் பார்த்தது லேசாகத் தலை தூக்கியது. "ஒன்" என்று அவருடைய மாணவர் ஆங்கிலத்தில் சொல்லி லேப்டாப்பில் குறித்தார். இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. இருபது தடவையும் ஊசி சரியான புள்ளியில்தான் இறங்கியது. அது எனக்குத் தெரியும், மேடத்துக்கும் தெரியும். இருபதில் மூன்று தேறியது. பதினேழு கிடந்தது.

டீ வந்தது. மேடத்தை வராந்தாவுக்கு அழைத்துப் போய் ரங்கநாதன் சார் தணிந்த குரலில்தான் பேசினார். இருந்தாலும் காதில் விழுந்தது.

"ஹெலன், நான் உங்களைச் சொல்லல. ஆனா நல்லா வந்ததை மட்டும் பொறுக்கி எழுதினா எங்க லேபுலயும் தொண்ணூறு வரும்."

"எங்க நோட்டுல தேறாததும் இருக்கு, சார்."

"இன்னிக்குப் பார்த்தது அதுதானே?"

மேடம் கையிலிருந்த நோட்டைத் திறந்து ஒரு வரியில் விரல் வைத்தார், படிக்காமலே மூடினார். வித்யா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். நான் டீயைக் கையில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஓரம் போய் நின்றேன். அங்கே சரோஜா உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாண்ணா, மூஞ்சி ஏன் இப்டி கீது?"

"ஒண்ணும் ஓடலைக்கா. மெஷின் சரியாத்தான் இருக்கு, கை சரியாத்தான் இருக்கு. எதுவும் ஓடல."

"ஓடாது. தெனம் குளிப்பாட்டுவ. இன்னிக்கிப் பெரிய ஆளு வந்துகினாருன்னு குளிப்பாட்டாம வுட்ட. மிஷினு கோச்சிக்கினு கீது." சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

நானும் பாதி சிரித்தேன். மீதிச் சிரிப்பு வரவில்லை. டீ டம்ளரைப் படியில் வைத்துவிட்டேன்.

இந்த டிவைஸை அளந்த மூன்று வருடத்தில் துடைக்காமல் உட்கார்ந்த நாள் ஒன்றுகூட இல்லை. நான் காலையில் துடைப்பேன், காலையில் வரும். மத்தியானத்துக்குள் தரை காய்ந்துவிடும், வித்யாவுக்கு வராது. வடக்கத்தி லேபில் யாரும் துடைத்திருக்க மாட்டார்கள். இன்று இங்கே துடைக்கவில்லை. அது நோட்டில் எங்கே இருக்கிறது? எங்கும் இல்லை. ஏன் எழுதவில்லை? வேலைக்கு வருவதற்கு முன் பல் துலக்கினேன் என்று யாராவது எழுதுவார்களா? அந்த மாதிரி நினைத்துவிட்டேன். அது வேலை என்றே எனக்குத் தோன்றவில்லை.

உடனே ஓடிப்போய்ச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். சொல்லவில்லை. டீ ஆறுகிற வரைக்கும் நின்றேன். சொன்னால் மூன்று வருட அளவும், எங்களுக்கே தெரியாத ஒரு நிலைமையில் எடுத்த அளவாகிவிடும். பேப்பரைத் திரும்ப வாங்க வேண்டும். வித்யாவுக்கு ஆய்வேடு தள்ளிப் போகும். அவள் வீட்டில் கல்யாணப் பேச்சு, படிப்பு முடியட்டும் என்று காத்திருந்தது. அதனால் முதலில் அவளிடம் போனேன். சொன்னேன். அவள் முகம் வெளுத்தது.

"சொன்னா உனக்கு ஒரு வருஷம் போகும்மா."

"சொல்லாட்டி எனக்கு எல்லாமே போகும்ணா. பொய் சொன்னவன்னு உங்களையும் சொல்லுவாங்க. வாங்க, நானும் வரேன்."

மேடமும் ரங்கநாதன் சாரும் அறைக்குள் இருந்தார்கள். நான் கதவைச் சாத்தினேன்.

"மேடம், ஒரு விஷயம் நோட்டுல எழுதாம விட்டிருக்கேன்."

"எத்தனை நாளா?"

"மூணு வருஷமா."

பேனாவை மூடிக் கீழே வைத்தார். "சொல்லுங்க."

தினமும் துடைப்பதைச் சொன்னேன். பழைய கம்பெனிப் பழக்கம் என்பதையும் சொன்னேன். இன்று துடைக்காததால் ஸ்டாடிக் அடித்து டிவைஸ் செத்திருக்கும் என்று என் கருத்தையும் சேர்த்துச் சொன்னேன்.

"ஸ்டாடிக்னு எப்படித் தெரியும்?"

தெரியாது என்றேன்.

மேடம் திரையைப் பார்த்தார். "ஸ்டாடிக் அடிச்சிருந்தா ஷார்ட் ஆகியிருக்கும். கரண்ட் கொட்டும். இங்க கரண்டே இல்ல."

"அப்ப அது சாகல மேடம்," என்றாள் வித்யா. "முழிக்கவே இல்ல."

மேடம் என் பக்கம் திரும்பினார். "தேவராஜ், கதவைச் சாத்திட்டுத் துடைச்சா தரை மட்டுமா ஈரமாகும்?"

ரங்கநாதன் சார்தான் முதலில் பேசினார். "எங்க லேபுல நைட்ரஜன் பெட்டிக்குள்ள வெச்சு அளக்கறோம். சொட்டு ஈரம் இருக்காது." சொல்லிவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். படலத்தின் நுண்ணிய துளைகளுக்குள் காற்றின் ஈரம் போயிருந்தால்தான் வெள்ளி கரைந்து இறங்க வழி கிடைக்கும் என்று இரண்டு பேரும் வேக வேகமாக ஆங்கிலத்தில் பேசிக்கொண்டார்கள். எனக்கு என் காலி மனை ஞாபகம் வந்தது. மழை பெய்த மண்ணில் கால் வைத்தால் தடம் விழும். காய்ந்து இறுகிய தரையில் நாள் முழுக்க நடந்தாலும் விழாது.

கெமிக்கல் ஸ்டோரின் சுவரில் மாட்டியிருந்த ஈரப்பத மீட்டரை வித்யா கழற்றிக்கொண்டு வந்தாள். முப்பத்தெட்டு காட்டியது.

"சரி, துடைங்க" என்றார் மேடம்.

"ஒரு நிமிஷம்," என்றார் ரங்கநாதன் சார். "இவர் துடைக்க வேண்டாம். இவர் அளக்கவும் வேண்டாம். இவர் வெளியே இருக்கட்டும். அந்தம்மா துடைக்கட்டும், வித்யா அளக்கட்டும். காலையில தோத்த அதே பதினேழையும் பார்ப்போம். வேற எதையும் தொடாதீங்க."

நியாயமான பேச்சு. என் கைதான் காரணமா, ஈரம்தான் காரணமா என்று பிரித்துப் பார்க்க வேறு வழி கிடையாது. ஆனால் வராந்தாவில் நின்ற அந்த ஒரு மணி நேரம் எனக்கு எப்படிப் போனது என்று எனக்குத்தான் தெரியும். உள்ளே டிவைஸ் ஓடாவிட்டால் நான் பொய்யன். ஓடினால் என் கைராசி பொய். இரண்டில் எது வேண்டும் என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன். ஓடட்டும் என்றுதான் மனது சொன்னது. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு என் மேலேயே ஒரு மரியாதை வருகிறது.

கண்ணாடி வழியாகத் தெரிந்தது. சரோஜா மெஷினைச் சுற்றித் துடைத்தார். ரங்கநாதன் சார் பூட்ஸ் காலைத் தூக்கி நாற்காலிக் கம்பியில் வைத்துக்கொண்டார். "காலு இன்னும் கொஞ்சம் தூக்கு சார்" என்று சரோஜா சொன்னது வெளியே கேட்டது. மீட்டர் மெல்ல ஏறியது. அரை மணி நேரம் காத்திருந்துவிட்டு வித்யா ஊசியை இறக்கினாள்.

முதல் டிவைஸ். திரையைப் பார்த்தவள் என் பக்கம் திரும்பவே இல்லை. அடுத்ததுக்குப் போனாள். அதற்கடுத்தது. ஆறாவதில் ரங்கநாதன் சார் எழுந்து போய் அவள் தோளுக்குப் பின்னால் நின்றார். பத்தாவதில் அவருடைய மாணவர் லேப்டாப்பை மூடிவிட்டு அவரும் போய் நின்றார். கதவைத் திறந்தது மேடம்.

"தேவராஜ், உள்ளே வாங்க. பதினேழுல பதினாலு."

அதோடு அவர் விடவில்லை. ஏசியை முழுதாக வைத்து, நைட்ரஜன் ஊதி, அறையைக் காய வைத்தோம். அந்தப் பதினாலும் திரும்பப் படுத்துக்கொண்டது. மறுபடி துடைத்தோம். மறுபடி எழுந்தது. மூன்று முறை. எப்படித் தெரியும் என்ற கேள்விக்கு இடமே இல்லாமல் போகிற வரைக்கும்.

ரங்கநாதன் சார் கிளம்பும்போது என்னிடம் வந்தார். "வராந்தாவில நான் பேசினது உங்க காதுல விழுந்திருக்கும். தப்பாச் சொல்லிட்டேன்" என்றார். "என் பேர்லயும் தப்பு இருக்கு சார்" என்றேன். இருந்ததே.

மேடம் அந்த வாரமே பேப்பரைத் திரும்ப வாங்கினார். என்னைத் திட்டவில்லை. நோட்டில் அந்த நாள் பக்கத்தை எடுத்து, ஆட்கள் ஐந்து என்று எழுதியிருந்த இடத்தில் ஐந்தை அடித்து ஆறு என்று எழுதி, சரோஜாவின் பெயரைச் சேர்த்து, ஓரத்தில் கையெழுத்துப் போட்டார். "ஆளை எண்ணுறதுலயே நான் தப்புப் பண்ணியிருக்கேன். உங்களை மட்டும் எப்படிக் கேக்கறது?" என்றார்.

அப்புறம் எட்டு மாதம். டிவைஸை ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, ஈரத்தைப் பத்து பத்தாகக் கூட்டிக் குறைத்து எல்லாவற்றையும் புதிதாக அளந்தோம். எத்தனை ஈரத்தில் எத்தனை துடிப்பில் கற்றுக்கொள்கிறது, எவ்வளவு நாள் மறக்காமல் இருக்கிறது, எல்லாம் எழுதினோம். பிறகு வித்யா ஒரு மேல்பூச்சு கண்டுபிடித்தாள். உள்ளே போன ஈரம் வெளியே போகாமல் அது மூடி வைக்கும். அப்படி மூடி அனுப்பிய முப்பது டிவைஸில் வடக்கத்தி லேபின் வறண்ட பெட்டிக்குள்ளேயே இருபத்தேழு ஓடியது. முன்னைவிட நல்ல பேப்பர் வந்தது. வித்யாவின் ஆய்வேடும் வந்தது, கல்யாணமும் நடந்தது. கைராசிப் பேச்சு அதோடு போய்விட்டது. போகட்டும். கை எல்லோருக்கும் இருக்கிறது. மத்தியானத்திலும் எல்லோருக்கும் தொண்ணூறு வந்ததே, அந்தக் கணக்கு எனக்குப் போதும்.

புது மெஷினில் வேலை பார்க்கப் போகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான். கவலைப்படுகிறவனைக் கேலி செய்யாதீர்கள். மூன்று தடவை இழுத்துப் பார்க்கட்டும். ஆனால் எதற்காக இழுக்கிறான் என்று ஒரு வரி எழுதி வைக்கச் சொல்லுங்கள். நான் துடைத்தது தப்பில்லை. எழுதாததுதான் தப்பு. புது மெஷின் ஈரத்தைத் தானாகவே பதிந்துகொள்ளுமாம். நல்லது. மெஷினுக்குத் தெரியாத ஒன்றை உங்களில் யாரோ ஒருவர் தினமும் காலையில் செய்துகொண்டிருப்பீர்கள். அது என்ன என்று பாருங்கள்.

ஒரு விஷயம் பாக்கி. அந்த எட்டு மாதத்தில் ஒரு நாள், எழுதாமல் விட்டது வேறு என்ன என்று உட்கார்ந்து யோசித்தபோது, மாப்பு ஞாபகம் வந்தது. சரோஜாவிடம் போய்க் கேட்டேன். மூன்று மாதத்துக்கு ஒன்றுதான் என்றால், நடுவில் தேய்ந்ததற்கெல்லாம் என்ன செய்தீர்கள்?

"இன்னா செய்வாங்க? நாரு கயித்த சுத்திக் கட்டினு ஓட்டுவேன். ரெண்டு வாட்டி கட்டவும் முடியல. கான்ட்ராக்டரு புதுசு குட்த்துட்டு சம்பளத்துல புட்ச்சிக்கினாரு. வாட்டிக்கி நூத்தி நாப்பது."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னனே. தெனமும்தான் சொன்னேன். நீ சிரிச்சிகினே பூட்ட."

சட்டைப்பையில் நூறு ரூபாய்தான் இருந்தது. கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். மறுநாள் மீதியைக் கொண்டுபோனேன், வாங்கவில்லை. ஓய்வு பெற்ற அன்று நீட்டினேன், அன்றும் வாங்கவில்லை. போன மாதம் லேபுக்குப் போனபோதும் நீட்டினேன்.

"இருக்கட்டும்ணா. அத்த வாங்கிட்டா நீ மூணு வாட்டி ரோசன பண்றதுக்கு இன்னா கீது?"

அவருக்கு நான் தர வேண்டிய பாக்கி நூற்று எண்பது ரூபாய்.